வேரைப் பாருங்கள்



2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் வீசியபோது மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் மரங்கள் வேரோடு சாய்ந்ததைக் கண்டோம். பழியைக் காற்றின்மேல் சுமத்தினோம். காற்று மட்டுமா காரணம்?

மரத்தின் வேர்களுள் பெரும்பாலானவை ஏறக்குறைய மூன்றடி ஆழத்துக்குள்ளேயே, கிளை நிழலையும் தாண்டிப் பரவுகின்றன. கால்வாய்க்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டி அவற்றை அறுக்கிறோம்; அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசி நீரையும் காற்றையும் தடுக்கிறோம். மேலே இலை பசுமையாகவே இருப்பதால் நலமென எண்ணுகிறோம். அடிமரத்தில் காளான், புதிய சாய்வு, சாய்வுக்கு எதிர்ப்புறத்து மண்ணில் வெடிப்பு, தட்டினால் வெற்றோசை: இவையே எச்சரிக்கைகள். குனிந்து பார்ப்பவர்க்கே இவை புலப்படும்.

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் தாய்மரம் 1989-இல் புயலில் வீழ்ந்தது. எனினும் விழுதுகள் முன்னரே மண்ணில் வேரூன்றியிருந்தமையால் அம்மரம் இன்றும் வாழ்கிறது. பெற்றோரின் விசுவாசம் பிள்ளைகளிடத்தில் வேரூன்றினால் குடும்பமும் அவ்வாறே நிலைக்கும். செபமாலை நின்றுபோன இல்லத்திலும் வெளிப்பசுமை சில காலம் இருக்கும். அதைக் கண்டு ஏமாற வேண்டாம்.

கனி கொடாத அத்திமரத்தை வெட்டச் சொன்னபோது, ஆண்டவரின் உவமையில் வரும் தோட்டக்காரர் ஓராண்டு தவணை கேட்டார். சுற்றிலும் கொத்தி எருவிட முன்வந்தார். திருவிழா வசதிக்காக எங்கள் கோவில் வேம்பைச் சுற்றித் தளமிட இசைந்தவன் நானே. இம்மாதம் அதை, வேர் நோகாமல், கையாலேயே பெயர்க்க இருக்கிறோம். உங்கள் இல்லத்தில் பெயர்க்க வேண்டிய தளம் எது?