செயலிகளும் சமூக ஊடகமும்: அமைப்பின் நிலைப்பாடு

ஊரூர் ஒல்காட் குப்பம்

சமூக ஊடகத் தளம் ஒன்றில் நம் பக்கம் முடக்கப்பட்ட கதை உறுப்பினர்களுக்குத் தெரியும். யார் புகார் கொடுத்தார்கள் என்ற பஞ்சாயத்தை இங்கே மறுபடி கிளறப் போவதில்லை. அந்தத் தளத்தை நடத்தும் நிறுவனத்துக்கு எழுதிய முறையீடுகளுக்கு இயந்திரம்தான் பதில் போட்டது. பேச ஒரு ஆள்கூட இல்லை.

சமூக ஊடகமே வேண்டாம் என்று செயற்குழு சொல்லவில்லை. 2015இல் குப்பத்தில் நடந்த முதல் கலை விழாவுக்கு வெளியூர்க் கூட்டம் வந்ததில் அதற்கும் பங்குண்டு. அதே ஆண்டு டிசம்பர் மாதச் சென்னை வெள்ளத்தில் எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பறந்தது. (படகு எடுத்துப் போனது எந்தச் செயலியும் அல்ல. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

எங்களால் பொறுக்க முடியாதது பக்கத்தோடு படங்களும் போனதுதான். வலை காயும் இடம், படகு ஏற்றும் இடம், மீன் ஏலம் போகும் இடம், கருவாடு காயும் மணல் எனப் பருவத்துக்குப் பருவம் எடுத்து ஏற்றி வைத்தவை. மீனவர் கிராமங்களோடு அவர்களின் பொதுச் சொத்துகளையும் மீன் உலர்த்தும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னது 2011ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. குறிக்காமல் விட்டால் அது அதிகாரிக்கு வெறும் மணல். சாலை போடலாம், பூங்கா போடலாம். இது எங்கள் புழக்கத்தில் உள்ள இடம் என்று மேசையில் எடுத்துப்போட நம்மிடம் இருந்தவை அந்தப் படங்கள். மிச்சமிருக்கும் பிரதிகள் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுருங்கியவை. எடுத்த தேதியும் இடமும் அவற்றில் இல்லை. கரையில் ஒருநாள் வந்து நிற்காத கம்பெனி, தன் விதிமுறை என்று ஒரு வரி காட்டி ஒரு ஊரின் சாட்சியத்தைப் பூட்டி வைக்குமாம். இதற்கு நாகரிகமான வார்த்தை தேடச் செயற்குழுவில் சிலர் கேட்டுக்கொண்டார்கள். கிடைக்கவில்லை.

உறுப்பினர் பட்டியல் இனி இணைய விரிதாளில் இருக்காது. 2020 ஜூலையில் ஃபிரைடேஸ் ஃபார் ஃபியூச்சர் இந்தியா என்ற சூழல் அமைப்பின் இணையதளம் முடங்கியதையும், உபா சட்டத்தைக் காட்டி நோட்டீஸ் அனுப்பிய டெல்லி போலீஸ் பிறகு அதைத் தவறுதல் என்று திரும்பப் பெற்றதையும் மறக்க வேண்டாம். அடுத்த பிப்ரவரியில் ஒரு கூகுள் ஆவணத்துக்காகச் சூழல் செயற்பாட்டாளர் திஷா ரவி கைதானார்.

நன்கொடைத் தளங்களில், பிடித்தத்தை வெளிப்படையாகச் சொல்பவற்றை மட்டும், இயன்றவரை, பயன்படுத்தலாம்.

கூட்ட அழைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் மட்டும் போதாது. அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும், ஒலிபெருக்கியிலும் சொல்ல வேண்டும். மீன் விற்கும் அக்காக்களில் பலருக்கு மகன் போன்தான் போன். இளைஞர்கள் சிலர் இதை வீண் வேலை என்றார்கள். அவர்கள் கருத்தும் பதிவாகியுள்ளது. ஆறு மாதம் கழித்து, சூழலைப் பொறுத்து, மறுபடி பேசலாம்.

பழைய படங்கள் வைத்திருப்பவர்கள் குழுவில் அனுப்ப வேண்டாம். போனையே கொண்டு வாருங்கள். கேபிள் போட்டு இறக்கி, இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றுகிறோம். ஒன்று அலுவலகத்தில் இருக்கும், மற்றது வேறொரு வீட்டில்.

செயற்குழு