நிறை வேறு, எடை வேறு



திருமறையின் 83ஆம் அத்தியாயத்துக்கு 'அல்முதஃப்பிஃபீன்' என்று பெயர். அளவிலும் நிறுவையிலும் குறைவு செய்வோர் என்பது அதன் பொருள். மோசடி செய்வோரின் பெயராலேயே ஓர் அத்தியாயம் அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது. மத்யன் மக்களிடம் அனுப்பப்பட்ட நபி ஷுஐப் (அலை) அவர்களும் ஏக இறைவனை வணங்குமாறு அழைத்த கையோடு, அளவையும் நிறுவையையும் நேர்மையாக வைத்துக்கொள்ளுமாறே தம் சமூகத்தாரை எச்சரித்தார்கள். தராசு கடைத்தெருப் பொருள் மட்டுமன்று. மார்க்கத்தோடும் தொடர்புடைய பொருள்.

நிறுவையில் நேர்மை வேண்டுமாயின், தராசு எதை நிறுக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். "இதென்ன கேள்வி? எடையைத்தான்!" என்று நீங்கள் கூறலாம். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகனோ மகளோ, "கிலோகிராம் என்பது எடையின் அலகு அல்ல, நிறையின் அலகு" என்று திருத்தக்கூடும். பிள்ளை சொல்வதே சரி. நிறை வேறு, எடை வேறு. இவ்வேறுபாட்டை இம்மாதம் சற்று விரிவாகக் காண்போம்.

இலங்கை வாசகர்களுக்கு ஒரு சொல். உங்கள் நாட்டுப் பாடநூல்களில் 'திணிவு' எனப்படுவதையே தமிழகப் பாடநூல்கள் 'நிறை' என்கின்றன. அங்கு 'நிறை' எனப்படுவது இங்கு 'எடை'. இக்கட்டுரையில் தமிழக வழக்கையே கையாள்கிறோம்.

எது பொருளின் சொந்தம்?

ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் அடங்கியுள்ளது என்பதைக் குறிப்பது அதன் நிறை. அதனைக் கிலோகிராமில் கூறுகிறோம். பொருளை எங்கே கொண்டு சென்றாலும் நிறை மாறாது. எடை என்பதோ அப்பொருளைப் பூமி தன்பால் இழுக்கும் விசையின் அளவு. அதனை நியூட்டன் எனும் அலகால் கூற வேண்டும். 1 கிலோகிராம் நிறையுள்ள பொருளைப் பூமி ஏறத்தாழ 9.8 நியூட்டன் விசையால் இழுக்கிறது. 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் எடை சுமார் 588 நியூட்டன் ஆகும். சுருங்கச் சொன்னால், நிறை பொருளுக்கே சொந்தமானது. எடை பொருளுக்கும் அது இருக்கும் இடத்துக்கும் உள்ள தொடர்பு.

நம் கடற்கரை ஊர்களைச் சேர்ந்தவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டால் இது எளிதில் விளங்கும். சரக்கு நிறைந்த தோணி ஒன்று படகுத்துறையில் மிதந்து கொண்டிருக்கிறது. அதன் எடை முழுவதையும் தண்ணீர் தாங்கிக் கொள்கிறது. இருந்தும் ஒருவர் கைகொடுத்துத் தள்ளினால் அது சட்டென நகர்வதில்லை. மெல்ல மெல்லவே அசைகிறது. அசைந்தபின் அதை நிறுத்துவதும் கடினம். தோணிக்கும் துறைச்சுவருக்கும் இடையே கை அகப்பட்டால் நசுங்கிவிடும். எடையைத் தண்ணீர் தாங்கிய பின்னரும் இவ்வாறு எதிர்த்து நிற்பது எது? அதுதான் நிறை. நகர மறுப்பதும், நகர்ந்தபின் நிற்க மறுப்பதும் நிறையின் இயல்புகள்.

விண்வெளியிலும் இதே நிலைதான். மலேசியாவைச் சேர்ந்த ஷைகு முஸஃபர் ஷுக்கூர் 2007 அக்டோபர் 10ஆம் நாள், ரமளான் மாதத்தின் இறுதிப் பகுதியில், பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டார். அங்கே தொழுகை முதலிய வணக்கங்களை நிறைவேற்றும் முறை குறித்து மலேசியாவில் வழிகாட்டி நூல் ஒன்றும் தயாரிக்கப்பட்டது. அந்நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே புவியீர்ப்பு அற்றுப்போய்விடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அங்கும் உண்டு. நிலையமும் அதனுள் இருப்போரும் ஒன்றாகவே பூமியைச் சுற்றி விழுந்து கொண்டிருப்பதால், காலடியில் அழுத்தம் ஏதும் தோன்றுவதில்லை. தராசின்மேல் நின்றால் அது பூஜ்யம் காட்டும். ஆனால் அங்கே உள்ளவரின் உடலில் ஓர் அணுவும் குறைந்துவிடவில்லை. மிதந்து வரும் கனத்த பெட்டி மோதினால் அடிபடவே செய்யும்.

அப்படியாயின் விண்வெளி வீரர்களின் உடல் நிறையை எவ்வாறு அறிவது? சுருள்வில் பொருத்திய இருக்கை ஒன்றில் அவரை அமர்த்தி ஆட விடுவார்கள். நிறை மிகுந்தால் ஆட்டம் மெதுவாகும், குறைந்தால் விரைவாகும். ஆடும் நேரத்தைக் கொண்டு நிறையைக் கணக்கிடுவார்கள். 1973இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்திலேயே இம்முறை கையாளப்பட்டது.

இடம் மாறினால் எடை மாறும்

சந்திரனில் ஈர்ப்பு பூமியில் உள்ளதைப்போல் ஆறில் ஒரு பங்கே. பூமியில் செய்த சுருள்வில் தராசை அங்கே கொண்டு சென்றால், 60 கிலோ மனிதருக்கு அது 10 கிலோ என்று காட்டும். சந்திரன் வரை செல்ல வேண்டியதில்லை; பூமியிலேயே எடை இடத்துக்கு இடம் மாறுகிறது. 1672இல் பிரெஞ்சு வானியலறிஞர் ஜான் ரிஷே, தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள கயேன் நகருக்குச் சென்றார். பாரிஸில் சரியாக ஓடிய அவருடைய ஊசல் கடிகாரம், அங்கே நாள்தோறும் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலை ஆட்டுவது பூமியின் இழுப்பு. அவ்விழுப்பு பாரிஸைவிடக் கயேனில் குறைவு என்பதற்கு அதுவே சான்றாயிற்று. பூமி நடுவில் சற்றுப் பருத்திருப்பதும், தன்னைத்தானே சுழல்வதும் இதற்குக் காரணங்கள். நிலநடுக்கோட்டைவிடத் துருவத்தில் ஒரு பொருளின் எடை ஏறத்தாழ அரை விழுக்காடு கூடுதல்.

அல்காஸினியின் தராசு

இவ்விடத்தில் நம் முன்னோர் ஒருவரை நினைவுகூர வேண்டும். இன்று துருக்மெனிஸ்தானில் உள்ள மர்வ் நகரில், செல்ஜூக் சுல்தான் ஸன்ஜரின் காலத்தில் வாழ்ந்தவர் அப்துர் ரஹ்மான் அல்காஸினி. அடிமையாக வளர்ந்து அறிஞராக உயர்ந்தவர். ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121) 'கிதாப் மீஸானுல் ஹிக்மா' எனும் நூலை எழுதினார். 'ஞானத் தராசு நூல்' என்று அதனைத் தமிழில் கூறலாம். தட்டுகள் ஐந்து கொண்ட ஒரு தராசை அதில் விவரித்துள்ளார். பொருளைக் காற்றிலும் தண்ணீரிலும் நிறுத்து, தங்கத்தில் வேறு உலோகம் கலந்திருக்கிறதா, மணிக்கல் உண்மையானதா என்றெல்லாம் அதனால் கண்டறியலாம். தண்ணீரைப் போன்றே காற்றும் பொருளைச் சிறிது தாங்குகிறது என்பதை அவர் சரியாகவே கண்டிருந்தார். ஒரு பொருளின் கனம், உலகின் மையத்திலிருந்து அது இருக்கும் தொலைவுக்கேற்ப மாறும் என்றும் எழுதினார்.

இதனைக் கண்டதும், "நியூட்டனுக்கு முன்பே நம்மவர் ஈர்ப்பு விதியைக் கண்டுபிடித்துவிட்டார்" என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. அது சரியன்று. மையத்தை விட்டு விலக விலகக் கனம் கூடும் என்பது அல்காஸினியின் கருத்து. புவிப்பரப்பிலிருந்து மேலே செல்லச் செல்லக் குறையும் என்பதே இன்றைய அறிவியல். எனினும், கனம் என்பது பொருளோடு ஒட்டிய நிலையான பண்பன்று, இடத்தைப் பொறுத்தது என எண்ணியதே பெரிய சிந்தனை. அவருக்கு உரிய பெருமை அதுவே. அதனைக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். முன்னோரைப் புகழ்வதிலும் நிறுவை நேர்மையாக இருத்தல் வேண்டும்.

கடைத்தெருவில் எது நியாயம்?

பழைய இரு தட்டுத் தராசை எடுத்துக்கொள்வோம். ஒரு தட்டில் பொருள். மறு தட்டில் எடைக்கல். அவ்விடத்தின் இழுப்பு இரண்டு தட்டுகளையும் சமமாகவே பாதிக்கிறது. ஆகவே அத்தராசு நிறையோடு நிறையை ஒப்பிடுகிறது. சந்திரனுக்குக் கொண்டு சென்றாலும் அது 60 கிலோவை 60 கிலோ என்றே கூறும். உமையா கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் சீர்திருத்திய தீனாரின் நிறை சுமார் 4.25 கிராம். அக்காலத்தையொட்டி எகிப்தில் நாணயங்களைச் சரிபார்க்கக் கண்ணாடி எடைக்கற்களைப் பயன்படுத்தினர். கண்ணாடி துருப்பிடிப்பதில்லை, ஓரத்தைச் சுரண்டினால் உடனே தெரிந்துவிடும். அத்தகைய கல்லும் இரு தட்டுத் தராசும் இருந்தால், எகிப்திலும் குராஸானிலும் நிறுவை ஒன்றே.

சுருள்வில் தராசும், இன்று நகைக்கடை முதல் மீன்கடை வரை உள்ள மின்னணுத் தராசும் அவ்வாறல்ல. அவை தட்டின்மேல் விழும் விசையை, அதாவது எடையை, அளந்து அதனைக் கிராமாக மாற்றிக் காட்டுகின்றன. எனவே தராசு பயன்படும் இடத்திலேயே தர எடைக்கல்லை வைத்து அதனைச் சரிசெய்ய வேண்டும். சிங்கப்பூரில் சரிசெய்த தராசை அப்படியே இலண்டனுக்குக் கொண்டு சென்றால், 100 கிராம் தங்கத்தை அது சுமார் 100.3 கிராம் என்று காட்டும். தங்கம் கூடவில்லை, இழுப்புத்தான் கூடியது. வாங்குபவர் இல்லாத தங்கத்துக்கு விலை கொடுப்பார். எவரும் மோசடி செய்ய எண்ணாமலேயே நிறுவை பிழைத்துவிடும்!

ஆகவே இல்லத்தரசிகள் சிலவற்றைக் கவனிப்பது நல்லது. மின்னணுத் தராசாயின், பொருளை வைக்குமுன் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். அரசு முத்திரை உள்ளதா என்று நோக்குங்கள். நகை வாங்கும்போது, தர எடைக்கல் ஒன்றை வைத்துக் காட்டுமாறு கேட்பது மரியாதைக் குறைவன்று. இரு தட்டுத் தராசாயின், சமமாக நின்றபின் பொருளையும் கல்லையும் தட்டு மாற்றி வைக்கச் சொல்லுங்கள். அப்போதும் சமமாக நின்றால் தராசுக் கோலின் இரு கைகளும் ஒத்தவை; ஒரு பக்கம் சாய்ந்தால் கோலில் குறை உள்ளது. வணிகச் சகோதரர்கள் வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திராமல் தாமே இவற்றைச் செய்து வைப்பது சிறப்பு.

ஸகாத்தும் நிறையே

தங்கத்துக்கு ஸகாத் கடமையாகும் அளவு 20 மித்கால். இன்றைய கணக்கில் அது சுமார் 85 கிராம் என்றும், சுமார் 87.5 கிராம் என்றும் மார்க்க அறிஞர்களிடையே இரு கணக்குகள் உண்டு. உங்கள் பகுதி ஆலிம்களிடம் கேட்டுப் பின்பற்றுங்கள். எந்தக் கணக்காயினும் கிராம் என்பது நிறையின் அலகு. அதே நகையை ஊட்டிக்கு எடுத்துச் சென்றால் எடை அணுவளவு குறையும்; மக்காவிலும் இலண்டனிலும் சற்றே வேறுபடும். ஆனால் கடமை மாறாது. ஏழையின் உரிமை பொருளின் நிறையைச் சார்ந்திருக்கிறது. அது வைக்கப்பட்டுள்ள ஊரைச் சார்ந்ததன்று.

நிறுத்துக் கொடுப்பவர் தட்டைச் சற்றுத் தாழவிட்டு, கூடுதலாகவே கொடுக்க வேண்டும் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. எந்தக் கருவியிலும் மயிரிழை அளவு பிழை இருந்தே தீரும் என்று இயற்பியல் கூறுகிறது. அப்பிழை எவர் பக்கம் சாய வேண்டும் என்பதை நபிவழி கூறுகிறது. கொடுப்பவர் கை சற்றுத் தாராளமாக இருந்தால், அறியாமல் நேரும் குறையும் அதில் ஈடாகிவிடும்.

நம் செயல்கள் யாவும் நிறுக்கப்படும் மீஸான் ஒன்று மறுமையில் காத்திருக்கிறது. இம்மையின் தராசுகளை நேராக வைத்து, அங்கே நம் நன்மைத் தட்டு கனத்து நிற்க வல்ல ரஹ்மான் நல்லருள் புரிவானாக! ஆமீன்.