ஏரும் ஆர்டும்

நோர்வேயில் வாழும் நண்பர் ஒருவர் அங்குள்ள தமிழ்ச் சங்கமொன்றின் ஆண்டு மலரை அனுப்பிவைத்திருந்தார். அதிலுள்ள கட்டுரையொன்று, நோர்வேஜிய உழவரின் 'ஆர்ட்' என்னும் சொல் நமது 'ஏர்' என்பதிலிருந்தே பிறந்தது என்று அடித்துக் கூறுகிறது. சான்று? இரண்டும் உழுகருவியைக் குறிக்கின்றன. இரண்டும் காதுக்கு நெருக்கமாக ஒலிக்கின்றன. அவ்வளவுதான்.

நாற்பது ஆண்டுகள் செய்தித்தாளில் பணியாற்றியவன் நான். இத்தகைய கட்டுரைகளுக்கு ஞாயிறு இதழில் இடம் ஒதுக்கிய பாவத்தில் எனக்கும் பங்குண்டு. ஆகவே எழுதியவரை ஏளனஞ் செய்ய எனக்கு உரிமையில்லை. எனினும் மறுக்க வேண்டியதை மறுத்தேயாக வேண்டும்.

'ஆர்ட்' என்பது மண்ணைப் புரட்டாது கீறிச் செல்லும் பழைய மரக்கலப்பை. (நமது நாட்டுக் கலப்பையும் அவ்வகையினதே. ஒற்றுமை அங்கேதான் உண்டு, சொல்லில் அன்று.) பழைய நோர்ஸ் மொழியில் அதன் வடிவம் 'அர்தர்', 'எர்யா' என்றால் உழுதல். லத்தீனில் உழுதல் 'அராரே', கலப்பை 'அராத்ரும்'. கிரேக்கத்தில் 'அரோத்ரொன்', வேல்சு மொழியில் 'அராதர்'. உழுதலைக் குறிக்கும் வேரோடு கருவியைச் சுட்டும் விகுதி சேர்ந்து பிறந்த சொல் இது. அவ்விகுதி நமக்கும் அந்நியமன்று: வடமொழியிலிருந்து நாம் பெற்ற பாத்திரம், நேத்திரம் ஆகியவற்றின் ஈற்றிலுள்ள 'திரம்' அதுவே. வேரும் விகுதியும் இத்தனை மொழிகளில் ஒருசேர நிற்கும்போது, நோர்வே உழவன் அதைத் தமிழனிடம் கடன் வாங்கினான் என்பது எவ்வாறு பொருந்தும்?

'ஏர்' வேறு குடும்பம். கன்னடத்திலும் தெலுங்கிலும் அதற்கு உடன்பிறப்புகள் உண்டு. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகரமுதலியில் அவற்றைக் காணலாம்.

என் கவலை வேறு. ஒஸ்லோவில் படிக்கும் நம் பிள்ளையொன்று அம்மலரைத் தன் ஆசிரியரிடம் காட்டினால் என்னாகும்? அவர் ஓர் அகராதியைப் புரட்டினால் போதும், கட்டுரை கவிழ்ந்துவிடும். அன்று முதல் அப்பிள்ளை இதை மட்டுமா ஐயுறும்? ஆதிச்சநல்லூரையும் கீழடியையும், எம் மண்ணின் வரலாறு பற்றி நாம் கூறும் மெய்களையும் சேர்த்தே ஐயுறும்.

கலப்பையில் பெருமை தேடுவோருக்கு அருகிலேயே பொருளுண்டு. இருக்கு வேதத்தில் வரும் 'லாங்கல' என்னும் கலப்பைச் சொல் இந்தோ-ஐரோப்பிய வேருடையதன்று என்றே அறிஞர் பலர் கருதுகின்றனர். அதனை நமது 'நாஞ்சில்' உடன் வைத்து ஆராய்கின்றனர். திராவிடத்திலிருந்து சென்றதா, முண்டா மொழிகளிலிருந்து இரு பக்கமும் பெற்றதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அடுத்த மலரில் இதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள் என்று நண்பருக்கு மடல் அனுப்பினேன்.

பதில் இன்னும் வரவில்லை.