வர்ணம் மட்டும் காவலாகாது

வானிலை நிலையங்களிலும் சில பள்ளி வளாகங்களிலும் நான்கு கால்களின்மேல் நிற்கும் வெள்ளை மரக்கூண்டைப் பலரும் கண்டிருப்பர். ஸ்டீவன்சன் கூண்டு என வழங்கும் இதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்தவர், ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கப் பொறியாளரான தாமஸ் ஸ்டீவன்சன். அதன் சாய்பலகைகள் வெயிலையும் மழையையும் தடுத்துக் காற்றை உள்ளே விடுகின்றன. வெண்ணிறம் வெயிலைத் திருப்பி விடுகிறது. பலகை கோணினாலோ வர்ணம் உரிந்தாலோ உள்ளிருக்கும் வெப்பமானி காட்டும் அளவு மெய்யளவினின்றும் விலகும். ஆண்டுக் கணக்கில் எழுதி வைத்த பதிவேட்டின் நம்பகம், இவ்வாறு தச்சர் தேர்ந்தெடுத்த மரத்தையும் சார்ந்திருக்கிறது.

ஆயினும் கூண்டு பழுதுற்றால் மேலும் ஒரு பூச்சு வர்ணம் அடிப்பதோடு பலர் அமைந்துவிடுகின்றனர். இது போதாது. மரத்தை அழிக்கும் பூஞ்சணங்களுக்கு ஈரம் வேண்டும். மரத்திலுள்ள ஈரம், அதன் உலர்ந்த எடையில் 20 சதவீதத்திற்குள் நிற்குமாயின் அழுகல் தொடங்குவதில்லை. உலராத பலகைமேல் பூசிய வர்ணமோ, உள்ளிருந்து வெளிவரும் ஈரத்தால் கொப்புளித்து உரியும். உரிந்த இடத்தில் மழைநீர் புகும்.

மரத்தின் பெயரை மட்டும் கேட்டு வாங்குவது மற்றொரு தவறு. தேக்கு என்றாலே கெடாது என்பது பொதுநம்பிக்கை. ஆனால் அவ்வுறுதி வைரத்திற்கே உரியது. வெளிறு எம்மரத்தினதாயினும் பூஞ்சணத்திற்கும் கறையானுக்கும் இரையாகும். அதேசமயம், பெரும்பாலான மரங்களில் வெளிறே மருந்தை எளிதில் உறிஞ்சும். ஆகவே வெளிறு மிகுந்த தேக்கைவிட, நன்கு உலர்த்தி மருந்தேற்றிய மலிவான மரமே மேல்.

தாமிரம், குரோமியம், ஆர்சனிக் ஆகியவை சேர்ந்த மரக்காப்பு மருந்தை 1930களில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசம் உருவாக்கினார். அது உலகெங்கும் பரவியது. ஆர்சனிக் நஞ்சாதலின், 2004 முதல் அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாடுகள் பெரும்பாலானவற்றிலிருந்து அது விலக்கப்பட்டது. மாணவர் கைபடும் கூண்டிற்குப் போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலே ஏற்றது. எனினும் இம்மருந்து நீரில் கரைந்து வெளியேறும். மண்ணிற் புதையும் கால்களுக்கு உதவாது. கால்கள் தரையைத் தொடாமல் கான்கிரீட் மேடைமேல் நிற்றல் நன்று. மேற்பலகைகளில் மருந்து மரத்தைக் காக்க, வர்ணம் அம்மருந்தைக் காக்கிறது. வர்ணத்தின் உண்மையான பணி அதுவே.

பலகையின் வெட்டுமுனை, பக்கங்களைவிடப் பன்மடங்கு விரைவாக நீரை உறிஞ்சும். எனவே முனைகள், துளைகள், இணைப்புகள் யாவற்றிற்கும் பொருத்துவதற்கு முன்பே அடிப்பூச்சு இடல் வேண்டும். பொருத்திய பின்னர்த் தூரிகை அங்கே எட்டாது. பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். ஆதலின் அதனை உலர்நிலையில் தேய்க்காது, நனைத்தே நீக்குக. இந்தியாவில் 2017 நவம்பர் முதல் வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படலாகாது என்பது விதி.

ஆண்டுதோறும் வெள்ளையடித்தல் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. கூண்டின் வெண்மை அளவீட்டிற்கு இன்றியமையாதது. ஆனால் தூரிகையை எடுக்குமுன் ஒரு கூரிய கத்தியால் இணைப்புகளைக் குத்திப் பார்த்தல் நலம். கத்தி எளிதில் இறங்கும் இடத்தில் வேண்டுவது வர்ணம் அன்று, புதிய பலகை.