ஒரு துப்பாக்கி போதுமா?

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரில் பலர் இதையே சொல்கிறார்கள். "என் மகள் காற்றுத் துப்பாக்கி சுடுகிறாள். அதுவே போதும். வேறு துப்பாக்கியைத் தொட்டால் கை கெட்டுவிடும்" என்கிறார்கள். பயிற்சி கொடுப்பவர்களிலும் இப்படி நினைப்பவர்கள் உண்டு.

இந்தப் பேச்சு எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு துப்பாக்கியில் கை தேறிய பிள்ளை இன்னொரு வகையையும் பழக வேண்டும். அதனால் நஷ்டம் இல்லை, லாபமே உண்டு.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கி சுடுதல் என்பது ஒரே ஒரு விளையாட்டு அல்ல. 2024-ம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்துக்குப் போன இந்திய அணியில் இரண்டு தமிழர்கள் இருந்தார்கள். ஒருவர் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன். மற்றவர் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான். இளவேனில் சுடுவது காற்றுத் துப்பாக்கி. அவருடைய குறி 10 மீட்டர் தூரத்தில் அசையாமல் நிற்கும். அதன் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். தொண்டைமானுடைய குறியோ பறந்து ஓடும் களிமண் தட்டு. கண் மூடித் திறப்பதற்குள் அதைச் சுட்டு உடைக்க வேண்டும். இரண்டுக்கும் பெயர் துப்பாக்கி சுடுதல்தான். ஆனால் ஒன்றுக்கு வேண்டியது அசையாத உடம்பு. மற்றதற்கு வேண்டியது சட்டென்று திரும்பும் உடம்பு.

(துப்பாக்கி என்றாலே நடுங்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. அழுத்தி அடைத்த காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. அதற்காக விளையாட்டுச் சாமான் என்றும் நினைத்துவிடக் கூடாது.)

இப்போது ஹரியானா மாநிலத்தைச் சேர்ந்த மனு பாக்கரைப் பாருங்கள். அவர் இரண்டு கைத்துப்பாக்கிகளைப் பழகியவர். ஒன்று 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கி. அதில் 75 நிமிஷத்தில் 60 குண்டு சுடலாம். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்கிறது. மனம் சரியில்லை என்றால் கையை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடியும் தூக்கலாம். இன்னொன்று 25 மீட்டர் கைத்துப்பாக்கி. அதில் பாதிக் குண்டுகளை நிதானமாகச் சுடலாம். மீதிப் பாதி வேகச் சூடு. கையைக் கீழே தாழ்த்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். சைகை கிடைத்ததும் மூன்றே விநாடிக்குள் கையைத் தூக்கிச் சுட்டுவிட வேண்டும். பிறகு ஏழு விநாடி ஓய்வு. மறுபடியும் மூன்று விநாடி.

துப்பாக்கியின் விசையிலும் வித்தியாசம் உண்டு. காற்றுக் கைத்துப்பாக்கியின் விசைக்குக் குறைந்தது அரைக் கிலோ எடை இருக்க வேண்டும் என்பது விதி. 25 மீட்டர் துப்பாக்கிக்குக் குறைந்தது ஒரு கிலோ. அதாவது, விரல் இரண்டு பங்கு அழுத்த வேண்டும். கையோ ஆடக் கூடாது.

இதில் என்ன லாபம் என்று கேட்கலாம். மெதுவாகவே சுட்டுப் பழகியவருக்கு ஒரு நோய் வரும். "இன்னும் கொஞ்சம் நன்றாகக் குறி பார்ப்போம், இன்னும் கொஞ்சம்" என்று விசையை இழுக்காமல் நிற்பார்கள். அதற்குள் கை சோர்ந்து ஆட ஆரம்பித்துவிடும். மூன்று விநாடிச் சூடு இந்த நோய்க்கு நல்ல மருந்து. நினைத்தவுடன் சுடும் துணிவை அது கொடுக்கிறது. வேகமாகவே சுட்டுப் பழகியவருக்கு வேறு நோய். விசையை வெடுக்கென்று இழுத்துவிடுவார்கள். அதற்கு மருந்து மெதுவான சூடு. ஒரு துப்பாக்கியின் குறையை மற்றொரு துப்பாக்கி காட்டிக் கொடுத்துவிடுகிறது.

டோக்கியோ ஒலிம்பிக் 2021-ல் நடந்தது. மனு மூன்று பிரிவுகளில் சுட்டார், பதக்கம் இல்லை. 10 மீட்டர் பந்தயத்தின் நடுவே துப்பாக்கி பழுதாகி நேரம் போயிற்று. இரண்டே புள்ளியில் இறுதிச் சுற்று தவறிப்போயிற்று. "ஒரு பெண்ணுக்கு எதற்கு மூன்று பிரிவு?" என்று கேட்டவர்கள் உண்டு. பாரிஸில் என்ன நடந்தது? அதே மூன்று பிரிவுகளில்தான் மறுபடியும் சுட்டார். ஜூலை 28-ந் தேதி தனியாக ஒரு வெண்கலம். 30-ந் தேதி சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து இன்னொரு வெண்கலம். ஆகஸ்டு 3-ந் தேதி 25 மீட்டரில் நாலாவது இடம். சுதந்திர இந்தியாவில் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். மூன்று பிரிவு என்பதுதான் குற்றம் என்றால், பாரிஸிலும் அவர் வெறுங்கையுடன் அல்லவா திரும்பியிருக்க வேண்டும்?

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. நாம் நம்பியிருக்கும் பந்தயத்தையே ஒரு நாள் எடுத்துவிடலாம்!

அமெரிக்காவில் கிம் ரோட் என்று ஒரு பெண்மணி. 1996-ல் அட்லாண்டாவில் தங்கம் வாங்கியபோது அவருக்கு வயது 17. அவருடைய பந்தயம் இரட்டைத் தட்டு. இரண்டு களிமண் தட்டுகள் ஒரே சமயத்தில் எதிரே பறந்து போகும். இரண்டையும் உடைக்க வேண்டும். 2000-ல் வெண்கலம், 2004-ல் மறுபடியும் தங்கம். அத்தோடு, பெண்களுக்கான அந்தப் பந்தயத்தை ஒலிம்பிக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். ஒன்றை மட்டும் பழகியவராக இருந்தால் அவருடைய கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் அவர் 'ஸ்கீட்' என்னும் வேறு பந்தயத்துக்கு மாறினார். இதில் தட்டுகள் இரு பக்கத்திலிருந்தும் குறுக்கே பாயும். துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. இடுப்பருகே பிடித்திருந்து, தட்டைப் பார்த்த பிறகுதான் தூக்க வேண்டும். தட்டு இருக்கும் இடத்தில் சுட்டால் படாது. போகும் இடத்தைப் பார்த்து, முன்னால் சுட வேண்டும். ரோட் 2008-ல் வெள்ளி வாங்கினார். 2012-ல் 100 தட்டுகளில் 99-ஐ உடைத்துத் தங்கம். 2016-ல் வெண்கலம். ஆறு ஒலிம்பிக், ஆறு பதக்கம். அவற்றில் மூன்று, வேறு பந்தயத்துக்குப் போனதால் வந்தவை.

ஆண்களுக்கும் இதே கதிதான். 2004-ல் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் நமக்கு வெள்ளி வாங்கித் தந்தாரே, அந்த இரட்டைத் தட்டுப் பந்தயம் 2016-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை. 50 மீட்டர் கைத்துப்பாக்கியும் போயிற்று. படுத்தபடியே சுடும் 50 மீட்டர் பந்தயமும் போயிற்று.

"அபினவ் பிந்த்ரா ஒரே பந்தயத்தை நம்பித்தானே 2008-ல் தங்கம் வாங்கினார்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிந்த்ராவைப் போன்ற உறுதியும் வசதியும் உள்ளவர்கள் அந்த வழியில் போகலாம். எல்லோருக்கும் அது சரிப்படாது. தவிர, 10 மீட்டர் பந்தயம் நடத்த ஒரு நீளமான கூடம் இருந்தால் போதும். அதனால்தான் நம் பிள்ளைகள் பெரும்பாலும் அதிலேயே ஆரம்பித்து அதிலேயே நின்றுவிடுகிறார்கள். விருப்பத்தால் நிற்பது வேறு, வழியில்லாமல் நிற்பது வேறு.

அவசரமும் கூடாது. நிற்கும் நிலையும் மூச்சும் இன்னும் படியாத குழந்தையின் கையில் இரண்டாவது துப்பாக்கியைக் கொடுப்பது வீண். பழமொழியில் வரும் தச்சன் எந்த மரத்தையும் வெட்டாதவன். ஒரு மரத்தை நன்றாக வெட்டிப் பழகியவனுக்கு அது பொருந்தாது.

செலவும் பெரிய தடைதான். 25 மீட்டர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். தோட்டா விலையோ கேட்கவே வேண்டாம். சாதாரணக் குடும்பம் இரண்டு துப்பாக்கி வாங்க முடியாது. சங்கங்களும் சர்க்காரும் பொதுத் துப்பாக்கிகளை வாங்கி வைத்து, மேற்பார்வையில் பயிற்சி கொடுக்கலாம். 10 மீட்டர் கூடங்களைத் திறப்பதோடு நிற்காமல், 25 மீட்டர் தளங்களும் தட்டுச் சுடும் மைதானங்களும் அமைக்கலாம். தேர்வில் தோற்ற ஒரு பையனை ஊருக்கு அனுப்பும் முன், வேறொரு துப்பாக்கியை அவன் கையில் கொடுத்து ஒரு மாதம் பார்க்கட்டுமே!