கறைக்கு அடியில்

எங்கள் கடைக்கு வரும் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் சென்ற வருடம் ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தார். பெனடோல் குடித்தார். டெங்கு இல்லை என்றார்கள். கடைசியில் ஒரு டொக்டர் அவரைக் கை கழுவிவரச் சொல்லி உள்ளங்கையைப் பார்த்தார். கொழுந்துக் கறைக்கு அடியில் சிவப்புப் புள்ளிகள். “வீட்டில் நாய், ஆடு இருக்கா?” என்று கேட்டார். உண்ணிக் காய்ச்சல்! டொக்சிசைக்கிளின் தொடங்கி இரண்டாம் நாள் அக்கா எழுந்து உட்கார்ந்தார்.

ரிக்கெட்சியா என்னும் இந்தப் பக்டீரியா உயிருள்ள கலத்துக்குள் மட்டுமே பெருகும். இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குவதால்தான் புள்ளிகள் தோன்றுகின்றன. பெனிசிலின் வகை மருந்துகள் இதற்கு உதவா. பிறபொருளெதிரிச் சோதனையும் முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. எனவே சந்தேகம் வந்தாலே மருந்தைத் தொடங்க வேண்டும். மலைநாட்டில் இந்நோய் இருப்பதைப் பேராதனை வைத்தியர்கள் பல வருடங்களாக எழுதி வருகிறார்கள். அது லயங்களுக்கு வந்து சேரவில்லையே!

டெங்குவுக்குப் பதாகை கட்டுகிறோம். உண்ணிக்கு ஒரு துண்டுப் பிரசுரமும் நான் கண்டதில்லை. மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை. காய்ச்சலை மறைத்துக் கூடை சுமப்பவரிடம் “ஏன் முன்பே வரவில்லை?” என்று ஏசுவது என்ன நியாயம்? உண்ணி கடித்தால் வலிப்பதில்லை, பலருக்குத் தெரிவதுமில்லை. காய்ச்சலோடு வரும் தொழிலாளியின் கையைக் கழுவிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

அக்கா இப்போது படங்கை வாசலிலேயே உதறுகிறார். நானும் எங்கள் ஆட்டைத் தடவிப் பார்க்கிறேன். நேற்று அதன் காதுக்குள் மூன்று உண்ணிகள்.