மாட்டுவண்டியை நம்பிய மான்

எங்க ஆபீஸ்ல வேட்டைக் கதை சொல்ல ஒரு கத்தியவாடிக்காரர் இருக்கார். அவங்க தாத்தா காலத்து மான் வேட்டையைப் பத்தி ஆரம்பிச்சார்னா டீ ஆறிடும். கடைசியில எப்பவும் இதுதான்: "அது வீர விளையாட்டு. 1972 சட்டம் வந்து கொன்னுடுச்சு." அகமதாபாத் வந்த நாளா கேக்கறேன். எனக்கென்னவோ அந்த விளையாட்டு சட்டத்துக்கு முன்னாடியே செத்துப்போச்சுன்னுதான் படுது.

வெளிமான்னு பேர் வச்சவன் கெட்டிக்காரன். காட்டுக்குள்ள ஒளியற ஜாதி இல்லை, வெட்டவெளியில மேயறது. கண்ணும் காலும்தான் அதுக்குக் கவசம். மணிக்கு 80 கிலோமீட்டர் வரை ஓடும்னு சொல்றாங்க. மந்தையில ஒரு பெட்டை மிரண்டு மேல துள்ளினாப் போதும், மொத்தமும் பறந்துடும். நடந்து போய் இதைச் சுடணும்னா வரப்போரமா, கட்டாந்தரையில வயித்தால ஊர்ந்து போகணும். பாதி வழியில ஆள்காட்டிக் குருவி கத்தினா அன்னிக்கு வேட்டை அவ்வளவுதான். இதை வீரம்னு சொன்னா ஒத்துக்கறேன்.

ஆனா எல்லாரும் அப்படியா ஊர்ந்தாங்க? மாட்டுவண்டியைப் பாத்து வெளிமான் ஓடாது. தினம் வயல்ல பாக்கறதுதானே. வெள்ளைக்கார துரைங்க வண்டி மறைவுலயே நடப்பாங்க. நேரா போகாம, வட்டம் போட்டு, சுத்தைச் சுருக்கிக்கிட்டே வருவாங்க. ராஜாக்கள் சிவிங்கியைக் கண்ணைக் கட்டி அதே மாதிரி வண்டியில ஏத்திட்டுப் போனாங்க. பாவ்நகர் மகாராஜாவுக்கு வேளாவதர் புல்வெளி இதுக்காகவே இருந்தது. அதுலயும் மானுக்கு வழி இருந்தது பாருங்க: சில நூறு கஜத்துக்குள்ள பிடிக்கலைன்னா சிவிங்கி மூச்சு வாங்கி உக்காந்துடும்.

ஜீப் வந்ததும் அந்த வழியும் போச்சு. ஜீப்புக்கு மூச்சு வாங்காது. ராத்திரியில ஹெட்லைட்டைப் போட்டா மான் கண்ணு கூசி அப்படியே நிக்கும். நிக்கறதைச் சுட எதுக்கய்யா வீரம்? 1947 வாக்குல கொரியா ராஜா ஒரே ராத்திரியில மூணு சிவிங்கியைச் சுட்டார். 1952ல சிவிங்கி இந்தியாவில் அழிஞ்சதா அறிவிச்சாங்க. சட்டம் வந்தப்போ காப்பாத்த மிச்சம் இருந்ததுதான் வெளிமான். அதை மறுபடி "திறமைக்காக" சுட விடணும்னு கேக்கறவங்க, முதல்ல வண்டியை விட்டு இறங்கி நடந்து காட்டட்டும், துப்பாக்கி இல்லாமலே. (பயிரை மேயுதேங்கற விவசாயியோட கஷ்டம் வேற. அவருக்குத் தேவை நஷ்டஈடு, நம்ம வீரம் இல்லை.)

வேளாவதர் 1976ல தேசியப் பூங்கா ஆச்சு. அங்க ஜீப்புக்குள்ள இருந்துதான் பாக்கணும், இறங்கக் கூடாது. கெடுபிடின்னு சலிச்சுக்கறாங்க. எனக்கு இது ரொம்பச் சரி. இறங்கினா ஓடிடும், உள்ளயே இருந்தா பக்கத்துலயே மேயும். வண்டின்னா இன்னும் அதுக்குப் பயமில்லை. படத்துக்காகப் பாதையை விட்டு இறக்கச் சொல்லி டிரைவரை நச்சரிக்கிற கேமராக்காரங்களைப் பாத்தா, எனக்கு அந்த வட்டம் போட்ட மாட்டுவண்டிதான் ஞாபகம் வருது.